டிராயருக்குள் ஒரு குடும்பப் படம்

படிவத்தை நிரப்பப் பேனா தேடித்தான் அலுவலக மேசையின் டிராயரைத் திறந்தாள் மகள். உள்ளே அவளுடைய குடும்பப் போட்டோ கிடந்தது.

போன மாதம் அம்மாவின் கட்டிலுக்கு மேலே அவளே மாட்டிவிட்டுப் போனது. "ஆணி கழண்டுடுச்சு, எங்கேயோ வெச்சிருக்காங்க" என்று அம்மா மழுப்பியிருந்தாள். போட்டோவுக்குக் கீழே அம்மாவுக்கு அவள் வாங்கித் தந்த நீல ஸ்வெட்டர் வேறு.

சுர்ரென்று ஏறியது அவளுக்கு.

முதியோர் இல்லத்தின் சமூகப் பணியாளர் போன் பேசிவிட்டு உள்ளே வந்தாள்.

"எங்கம்மா பொருளுக்கு உங்க டிராயர்ல என்ன வேலை மேடம்?"

"சொல்றேன், உட்காருங்க."

"ஒரு மாசமா இதே பாட்டுதான். பத்து மணிக்கு வந்தா பதினொண்ணு வரைக்கும் உட்கார வெச்சு ஒரு படிவத்தை நீட்டறீங்க. போன வாரம் அம்மாவோட ரத்த வகை. இந்த வாரமும் ரத்த வகை. வாரத்துக்கு வாரம் மாறுமா அது?"

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள் சமூகப் பணியாளர்.

"ரெண்டு பஸ் மாறி வர்றேன். பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா மத்தியான ஷிஃப்டுக்குப் போக முடியாது. எங்கம்மாகூட இருக்கிற நேரத்துல பாதியை நீங்க முழுங்கிடறீங்க. புகார் கொடுக்கப்போறேன்."

"கொடுங்க. அதுக்கும் ஒரு படிவம் இருக்கு."

வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி உருண்டு போனது. சமூகப் பணியாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று.

"அவங்க உங்கம்மாவோட பக்கத்துக் கட்டில். உடற்பயிற்சிக்குப் போறாங்க. மூணு பிள்ளைங்க, நாலு வருஷமா ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கல."

"பாவம்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க போட்டோவைப் பார்த்துப் பார்த்து ரெண்டு நாள் அவங்க சாப்பிடவே இல்ல. மூணாம் நாள் உங்கம்மா போட்டோவைக் கழட்டி எங்கிட்ட கொடுத்துட்டாங்க. அந்தம்மா உடற்பயிற்சிக்குப் போற வரைக்கும் உங்களை இங்க உட்கார வைக்கிற இந்தப் பதினொரு மணி ஏற்பாடும் உங்கம்மாவோடதுதான். தினமும் இந்நேரம் இங்க வந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, போட்டோவைப் பார்த்துட்டுப் போவாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்வாங்க? அந்தம்மாகிட்ட உங்கம்மா சொல்லி வெச்சிருக்கிறது அப்படி. 'எம்பொண்ணும் என்னை மறந்துட்டா. இனிமே உனக்கு நான், எனக்கு நீ'ன்னு."

மகள் போட்டோவை ஸ்வெட்டர் மேல் வைத்து டிராயரை மூடினாள்.

"அடுத்த வாரமும் படிவத்தை எடுத்து வைங்க மேடம். பேனா நான் கொண்டு வந்துடறேன்."