உள்ளதை எழுதுங்க

“மஞ்சள் காமாலைன்னு எழுதிடறேன். மூணு வாரம் நிம்மதியா வீட்டுல இருக்கட்டும். ஏன், எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க,” என்றார் டாக்டர், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.

“வேண்டாம் டாக்டர். உள்ளதை எழுதுங்க,” என்றாள் அண்ணி.

நோயாளி இருவருக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து நாளாகியிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று துளை மாறிப் போட்டிருந்தது. அண்ணி அதை வரும் வழியிலேயே கவனித்துவிட்டாள். சொன்னால் இன்னும் குன்றிப்போவான் என்று சொல்லவில்லை.

தண்ணீர் சப்ளை கம்பெனியில் புகார் கேட்கும் வேலை அவனுக்கு. காலையில் காதில் மாட்டிய ஹெட்ஃபோனை மாலையில்தான் கழற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வராத ஊரே அவன் காதுக்குள் வந்து கத்தும். பதிலுக்கு, “சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது மேலிடத்து உத்தரவு. இப்போது சில நாளாக அவன் வேலைக்குப் போகவில்லை. இந்த வாரத்துக்குள் டாக்டர் சர்டிஃபிகேட் வராவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

“உள்ளதுன்னா என்னம்மா?” என்றார் டாக்டர்.

“தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கலை. ஃபோன் அடிச்சா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறார். நேத்து பக்கத்து வீட்டு ஃபோன் அடிச்சதுக்கே போயிட்டார்.”

“நான் இல்லைன்னா சொன்னேன்? மனச்சோர்வுதான். மாத்திரை தரேன். ஆனா அதை சர்டிஃபிகேட்டுல எழுதணுமா? அந்தக் காகிதம் மேனேஜர் மேஜைக்குப் போறதுக்கு முன்னாடி கேன்டீனுக்குப் போயிடும்.”

நோயாளி முதல் தடவையாக வாயைத் திறந்தான். “ஆமா அண்ணி. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படித்தான் எழுதிக் கொடுத்துட்டு லீவுல போனார். திரும்பி வந்தா ‘லூசு சார்’னு பேரு வச்சிருந்தாங்க. அதுல சார்னு மரியாதை வேற.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை.

“கேட்டீங்களாம்மா? காமாலைன்னா கௌரவமான வியாதி. ஆபீஸ்காரன் கிட்டக்கூட வர மாட்டான். பார்க்க வர்றவங்க பழம் வாங்கிட்டு வருவாங்க. இப்படி எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்! வழியில பார்த்தா இன்னைக்கும் கும்பிட்டுட்டுப் போறாங்க.”

“பழம் வரும் டாக்டர். மனசுக்கு என்னப்பான்னு ஒருத்தராவது கேப்பாங்களா?”

“கேக்காம இருக்கத்தானேம்மா எழுதறோம்!”

“மூணு வாரம் முடிஞ்சதும், காமாலைதான் இறங்கியிருக்குமே, கிளம்பி வான்னு கூப்பிடுவாங்க. அப்ப?”

“டைஃபாய்டு இருக்கு, முதுகுவலி இருக்கு. என்கிட்ட வியாதிக்கா பஞ்சம்?”

அண்ணி சிரிக்கவில்லை. “மனசு சரியில்லைன்னு எழுதுங்க. மனநல டாக்டர்கிட்ட காட்டணும்னும் எழுதுங்க. அதை நானே கொண்டு போய் மேனேஜர் கையில கொடுத்துக்கறேன்.”

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வெளியே காத்திருந்தவர்களின் இருமல் சத்தம் உள்ளே வந்துவிட்டுப் போனது. டாக்டர் பேனாவை மேஜைமேல் போட்டார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. பெத்த தாயா இருந்தா பிள்ளை நெத்தியில இப்படி முத்திரை குத்தச் சொல்வாளா? நாளைக்கு இவருக்குக் கல்யாணம், காட்சின்னு ஒண்ணு நடக்க வேண்டாமா? யார் பொண்ணு கொடுப்பாங்க? நீங்க அண்ணி. உங்களுக்கு வலிக்கலை.”

அண்ணி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

“அண்ணியை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்,” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. “காமாலைன்னே எழுதிடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“பார்த்தீங்களா, தம்பிக்கே புரியுது. சரி, நமக்குள்ள எதுக்கு வாக்குவாதம்? உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. கூடப் பிறந்தவர், தம்பிக்கு எது நல்லதுன்னு அவர் சொல்லட்டும். அவர் சொன்னபடி எழுதறேன்.”

அவன் தலையை நிமிர்த்தி அண்ணியைப் பார்த்தான்.

“அவர் போன வருஷமே உங்ககிட்ட வந்தார் டாக்டர். தனியா வந்தார். நீங்களும் நல்ல மனசோட காமாலைன்னு எழுதிக் கொடுத்தீங்க. வீட்டுல என்கிட்டயும் அதையேதான் சொன்னார்,” என்றாள் அண்ணி. “தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாரே, அன்னைக்குக் காலையிலகூட அவர் இமையை விரிச்சு ரெண்டு கண்ணையும் உத்துப் பார்த்தேன் டாக்டர், மஞ்சள் இருக்கான்னு மட்டுந்தான் பார்த்தேன்.”