கூண்டில்லாத பண்ணை

வெள்ளைச் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலையே படாமல் அதிகாரி கோழி எச்சத்துக்கு நடுவே குப்புறப் படுத்துவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோழிகளின் கால்களைப் பார்த்தார், கைபேசியில் படம் எடுத்தார். பண்ணைக்காரி இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் உணவகக் கம்பெனியின் ஆள் அவர். கோழிகளைக் கூண்டில் அடைக்காமல், மூக்கை வெட்டாமல் வளர்க்கிற பண்ணையாகப் பார்த்துத் தேடுகிறார்களாம்.

இந்த வாய்ப்பும் கைநழுவினால் திங்கட்கிழமை கறிக்கடை லாரி வந்து முந்நூறு கோழிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். புருஷன் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டான். இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்பது அவன் கணக்கு.

அதிகாரி எழுந்து ஒரு கோழியைக் காட்டி, அதைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து மற்ற கோழிகளை அதட்டுவதும், முட்டை மட்டும் இடாமல் இருப்பதுமாக ‘மேனேஜர்’ என்று பெயர் வாங்கிய கோழி அது. அவள் தூக்கியதும் சமர்த்தாக முழங்கை மடிப்பில் தலையை வைத்துக்கொண்டது.

“மனுஷங்களைக் கண்டா மிரளுதான்னு சோதிக்கிறார். ஆடாம நில்லு” என்று புருஷன் காதோடு சொன்னான்.

அவள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி அவளை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை, முட்டையிடும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார். இத்தனை நுணுக்கமாகப் பார்க்கிற ஆளை அவள் கண்டதே இல்லை.

இதற்கு முன் மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே வாரத்துக்கு எத்தனை முட்டை, என்ன விலை என்று கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்த வழியே போனார்கள். இவரோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலையிலேயே துடைத்து அடுக்கி வைத்த முட்டைத் தட்டின் பக்கம் திரும்பவும் இல்லை. முட்டையைவிடக் கோழி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷன் போலிருக்கிறது என்று அவளுக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

கடைசியில் அதிகாரி முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நாற்பது பண்ணை பாத்தாச்சும்மா. உங்களோடதுதான்னு முடிவு பண்ணிட்டோம்.”

அவள் வெட்கத்தை விட்டு அழுதாள். மனம் மாறிவிடப்போகிறாரே என்ற பயத்தில், அவர் நீட்டிய தாளைப் படிக்காமலே காட்டிய இடத்தில் எல்லாம் புருஷன் கையெழுத்துப் போட்டான். கையோடு கறிக்கடைக்காரருக்கும் போன் செய்து, கோழியைக் கொடுப்பதாக இல்லை, லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இனி உன் பண்ணை வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று அந்தப் பக்கத்திலிருந்து அவர் கத்தியது அவளுக்கும் கேட்டது. புருஷன் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அதிகாரி காரில் ஏறி உட்கார்ந்தார். அவள் முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“மாதிரிக்கு எடுத்துட்டுப் போங்க சார். எந்தக் கிழமையிலேர்ந்து நாங்க அனுப்பணும்?”

அதிகாரி தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முட்டை எப்பவும் போல பெரிய பண்ணையிலேர்ந்துதான் வருதும்மா, விளம்பரத்துக்கு உங்க படம் மட்டும் போதும்.”