ஒரு விரல் சந்து

காரின் முன்சீட்டு கட்டில் மாதிரி மல்லாந்து கிடந்தது. கப் வைக்கிற குழியில் ஒரு டூத் பிரஷ் நின்றது.

கிளைவ் பார்த்தான். பார்க்காத மாதிரி பானட்டைத் தூக்கினான்.

இங்கிலாந்தின் பர்ன்லியில் முப்பது வருஷமாகச் சின்னக் கார்களைப் பழுது பார்க்கிறவன் அவன். ஒரு காருக்குள் தலையை விட்டால் போதும், அதை ஓட்டுகிறவர் பிழைப்பு எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் தெரிந்ததை முகத்துக்கு நேரே கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

"இன்னைக்கு ராத்திரி மைனஸ் அஞ்சாமே," என்றான்.

"அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் ஷெரில்.

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டு வருவது அவள் வேலை. நீலச் சீருடை கசங்காமல் இருந்தது. அதை எங்கே வைத்து இஸ்திரி போடுகிறாளோ என்று நினைத்துக்கொண்டான்.

பதினான்கு வருஷ வெள்ளி நிறக் கார். இந்த வகைச் சின்னக் காருக்கு அந்த வயதில் வரக்கூடிய நோய் ஒன்று பாக்கியில்லை. கிளட்ச் தேய்ந்து வழுக்கியது, அதற்கு நானூறு பவுண்டு. புகை போகிற எக்ஸாஸ்ட் குழாய் துருப்பிடித்துப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓட்டை, நூற்றெண்பது. பின்விளக்கு ரப்பர் இற்றுப்போய் டிக்கிக்குள் மழைத் தண்ணீர். அங்கே திணித்து வைத்திருந்த மெத்தைப் போர்வை சொதசொதவென்று ஊறியிருந்தது. இடதுபக்க ஜன்னல் மோட்டார் செத்து, கண்ணாடி மேலே ஒரு விரல் சந்து விட்டு நின்றுவிட்டது. அதற்கு நூற்றுப் பத்து. காரை விற்றால் அறுநூறு தேறினால் அதிசயம்.

"எங்கிட்ட தொண்ணூறுதான் இருக்கு, கிளைவ். எதை முதல்ல பாக்கலாம்?"

வேறு யாராக இருந்தாலும் கிளட்ச் என்று சொல்லியிருப்பான். இவளுக்குக் கார் ஓடுவதா பெரிது? இந்தக் குளிரில் ஈரப் போர்வையோடு, அந்தச் சந்துக்குக் கீழே படுத்தால் காலையில் எழுந்திருப்பாளா என்பதுதான் அவனுக்குப் பயம்.

"கிளட்ச் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்மா. எக்ஸாஸ்ட் சும்மா சத்தம்தான். மார்ச்சுல வருஷாந்திர டெஸ்டுக்கு வரும்போது பாத்துக்கலாம். முதல்ல தண்ணியையும் காத்தையும் அடைப்போம்."

அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. அதுவரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கொல்லையில் கிடந்த உடைசல் காரிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டினான். கண்ணாடி ஏறி ரப்பரைக் கவ்விக்கொண்டது. விளக்கு ரப்பர்களை மாற்றி, சுற்றிலும் பசை பூசினான். கதவு ரப்பர்களையும் விடவில்லை. போர்வையைப் பட்டறை ஹீட்டர் மேல் விரித்துக் காயப் போட்டான்.

"இந்த டப்பாவுக்கு இவ்வளவு உபசாரமா? உள்ள மீன் வளக்கப் போறாங்களா?" என்றான் கூட்டாளி ரஸ்ஸல்.

"உன் வேலையைப் பாருடா."

நாற்பது பவுண்டு வாங்கிக்கொண்டான். வாங்காமல் விட்டால் அவள் மானம் போகும்.

அவள் கிளம்பும்போது இன்னொன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கதவில் கையை ஊன்றிக் குனிந்தான்.

"இந்தக் கார்ல ஹீட்டர் மட்டும் ராஜா மாதிரி வேலை செய்யுது. எங்கியாவது யாருக்காவது காத்துக்கிட்டு இருக்கற மாதிரி ஆச்சுன்னா, இன்ஜினை ஓட விட்டே வெச்சுக்க. குளிர்ல விறைச்சுக்கிட்டு உக்காராத."

ஷெரில் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சில நாள் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கு," என்றாள். கண் கலங்கியிருந்தது.

கார் படபடவென்று அதிர்ந்துகொண்டு போயிற்று.

கிளைவுக்கு மனசு நிறைந்திருந்தது. டீ போட்டுக்கொண்டான். வருஷக் கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்தாயிற்று என்று நினைத்தான். அப்படி நினைத்தது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்து மணிக்கு அடுத்த கார் பட்டறைக்குள் நுழைந்தது. குளிர் தாங்காமல் ரஸ்ஸல் அதன் பின்னாலேயே ஷட்டரை இறக்கினான்.

"ஷட்டரைத் தூக்குடா, கூறுகெட்டவனே! இன்ஜின் ஓடுதுல்ல? புகையிலயே செத்துப் போவோம்!"

முப்பது வருஷமாக ஒவ்வொரு குளிர்காலமும் கிளைவ் போடுகிற சத்தம்தான். இந்தத் தடவை போட்டுவிட்டு அப்படியே நின்றான்.

அடியிலிருந்து காருக்குள் ஏறுகிற ஓட்டைக் குழாயின் புகை இத்தனை நாளும் அந்த ஒரு விரல் சந்து வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. சந்தை அடைத்தது அவன். இன்ஜினை ஓட விடு என்று சொன்னதும் அவன்தான்.

அவளுக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தாள். எங்கே நிறுத்திப் படுப்பாள் என்று தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். சூப்பர் மார்க்கெட் வாசல், கால்வாய்க் கரை, நீச்சல் குளத்துக்குப் பின்புறம். ஊரில் இத்தனை வெள்ளி நிறச் சின்னக் கார்கள் இருப்பது அன்றுவரை அவனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றிடமும் இறங்கி, உறைபனி படிந்த கண்ணாடியை உள்ளங்கையால் தேய்த்து, உள்ளே பார்த்தான்.

சர்ச்சுக்குப் பின்னால் படபடவென்று அதிர்ந்துகொண்டு நின்ற காரின் கண்ணாடியில் பனி இல்லை. கை வைத்தான். கதகதப்பாக இருந்தது.