கல்குவாரிக் கோரனைக் காணவில்லை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, அந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வசதியாக உட்காருங்கள். ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன். நம் ஓசூரில் பட்டப்பகலில் ஒரு வில்லனையே தூக்கிக்கொண்டு போன கதை.

பாகலூர் ரோட்டில் மெல்வினுக்கு ஃபிளக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள் என்று பகலெல்லாம் அடுத்தவர் முகங்களையே அச்சடித்துத் தள்ளுவான். கை ஓய்ந்தால் காமிக்ஸ் வரைவான். முதல் புத்தகம் மாதா கோவில் திருவிழாவுக்கு வருகிறது என்ற குஷியில், அதன் நாயகனையும் வில்லனையும் ஆள் உயரக் கட்-அவுட்டாக வெட்டி, காலடியில் ஜாதகம் மாதிரி அவரவர் விவரத்தையும் எழுதிக் கடை வாசலில் நிறுத்தினான்.

நாயகன், ஸ்பேனர் சூரன். பிறந்தது லேத்துப் பட்டறையில். மூன்று ஷிப்டும் தூங்காமல் பார்ப்பான். பலவீனம், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் உலகமே அழிந்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

வில்லன், கல்குவாரிக் கோரன். பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம், வெடி வைத்த பாறைக்குள். ஒரு தடவை முறைத்தால் போர்வெல் வற்றும், பால் திரியும், அறுவடை நேரத்தில் தக்காளி விலை விழும். பலவீனம், பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் குரல் பூனைக்குட்டி ஆகிவிடும்.

சூரனை ஒருவரும் சட்டை செய்யவில்லை. கோரனைப் பார்த்துத்தான் ரோட்டில் போன வண்டிகள் பிரேக் போட்டன. பிதுங்கிய கண், கம்பளிப்பூச்சிப் புருவம், மூக்கோரம் மிளகு போல ஒரு மரு.

"யாரப் பாத்து வரஞ்சன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் மெல்வினின் மனைவி ரெனிட்டா. "கட ஓனரையே வில்லனாக்கி, அவரு கட வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்க. உனக்குக் கொழுப்பா, பைத்தியமா?"

"அப்ப, தத்ரூபமா இருக்குன்ற" என்றான் மெல்வின். வரைகிறவன் புத்தி அப்படி.

ஓனர் வெங்கடப்பன், ராகி விளைந்த நிலத்தில் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் மூச்சு விடாமல் திட்டுவார். மெல்வினின் கடை அக்ரிமென்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. அவர் புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் கடை போச்சு. அந்தப் பெரிய பிரிண்டிங் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டா அலைவான்? காமிக்ஸும் போச்சு.

மறுநாள் காலை வெங்கடப்பன் வந்தார். கோரன் முன்னால் நின்றார். தலை முதல் கால் வரை பார்த்தார். கீழே இருந்த விவரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

திட்டாமல் போன வெங்கடப்பனை மெல்வின் அன்றைக்குத்தான் பார்த்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சூரன் மட்டும் தனியாக நிற்கிறான். கோரனைக் காணவில்லை.

எதிர் டீக்கடை கோவிந்தப்பன்தான் சாட்சி. வெங்கடப்பனே கோரனைத் தோளில் சாய்த்துத் தூக்கிப் போனாராம். வண்டியில் கிடத்தித் தார்ப்பாய் போட்டு மூடினாராம். பார்த்ததை வெளியே சொன்னால் நடப்பதே வேறு என்று டீக்கடைக்காரரை மிரட்டிவிட்டும் போனாராம்.

"போலீசுக்குப் போலாமா?" என்றான் மெல்வின்.

"போய் என்னன்னு சொல்லுவ? அவரு மூஞ்சிய அவரே திருடிட்டாருன்னா?" என்றாள் ரெனிட்டா.

"அது எங்க கெலமங்கலம் சித்தப்பா மூஞ்சின்னு சொல்லிடறேன்."

"உங்க சித்தப்பாவுக்கு ஏது மரு?"

"மிளகு ஒட்டிக்கச் சொல்லலாம்."

அவள் தலையில் அடித்துக்கொண்ட நேரத்தில் போன் அடித்தது. வெங்கடப்பன். ராயக்கோட்டை ரோட்டில் தாம் கட்டும் புது வீட்டுக்குச் சாயங்காலம் வரச் சொன்னார். தனியாக வரச் சொன்னார்.

ரெனிட்டா ஜெபமாலையை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்து அனுப்பினாள்.

மெல்வின் போய்ச் சேர்ந்தபோது கொத்தனார், சித்தாள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி. தண்ணீர்த் தொட்டிக்குத்தான் என்று பார்த்தாலே தெரியும். அவனுக்குத் தெரியவில்லை. சித்தப்பா, மிளகு எல்லாம் மறந்துபோய் மன்னிப்பு மட்டும் வாய் வரைக்கும் வந்தது.

வெங்கடப்பன் அவன் தோளை இறுகப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

மூன்றாவது மாடிச் சாரத்தில், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த மாலையோடு, ரோட்டையே முறைத்துக்கொண்டு தொங்கினான் கல்குவாரிக் கோரன்.

"நாந்தாம்ப்பா தூக்கிட்டு வந்தேன், மனசுல வெச்சுக்காத. கேட்டு வாங்குனா பலிக்காது, தெரியாம எடுத்தாதான் திருஷ்டி நிக்கும்னாங்க. பூசணிக்கா கட்டிப் பாத்தேன், பேய் பொம்ம கட்டிப் பாத்தேன். ஊர்க் கண்ணு பட்டு வேல இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. இவன மாட்டுன பொறவு ஒரு பய நிமுந்து பாக்கல."

அக்ரிமென்ட்டை நாளைக்கே புதுப்பித்துவிடலாம் என்றார் வெங்கடப்பன். வீட்டின் பின்பக்கத்துக்கும் ஒரு கோரன் வேண்டும், அச்சடித்து வாசலில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள், நானே வந்து திருடிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அப்புறம் மேலே ஒரு தடவை பார்த்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தார்.

"ஆமா, இவ்ளோ அவலட்சணமான மூஞ்சி உனக்கு எங்கப்பா கெடச்சுது?"

கண்ணாடியில் பார்க்கிற முகம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்றைக்கும் இப்படி அழகாகவே தெரியட்டும் கண்ணுகளா, ஒரு கண்ணும் படாமல் குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.