முகவரி ஒட்டிய சாவி

பூட்டு மாற்றக் கூப்பிட்டார்கள் என்று பூட்டுக்காரர் வந்தால், வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மாள். எதிரே வீட்டுத் தரகர், வியர்வையைத் துடைத்தபடி.

"இந்த வீட்டு ரெண்டு சாவில ஒண்ணை பஸ்ஸுல விட்டுட்டேன்தான். எடுத்தவன் தூக்கிப் போட்டிருப்பாம்மா."

"மறந்துடும்னு சாவியிலேயே முகவரியை எழுதி ஒட்டினவர் நீங்க! திருடனுக்கு அழைப்பிதழே அடிச்சுக் குடுத்திருக்கீங்க சார்."

"அடுத்த மாசம் மாத்திடலாம். அதுவரைக்கும் உள்தாழ்ப்பாள் இருக்கே?"

"வீட்டைப் பூட்டிட்டு வெளியில போனா, உள்தாழ்ப்பாளை யார் போடறது? நீங்க வந்து உள்ளே உக்காந்திருப்பீங்களா?"

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரகர் அவரை முறைத்தார்.

"இப்பவே மாத்தணும். உங்க செலவுல. மாத்தற வரைக்கும் நான் இந்தப் படியை விட்டு நகர மாட்டேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி!"

தரகர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். பழைய பூட்டு கழன்று, புதுப் பூட்டு ஏறியது.

பூட்டுக்காரர் புதுச் சாவிகளை நீட்டினார். "இனிமே நிம்மதியாத் தூங்குங்கம்மா."

அந்த அம்மாள் வாங்கவில்லை. தெருவில் அப்போதுதான் சாமான் லாரி ஒன்று வந்து நின்றது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் இறங்கினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. இன்னிக்குக் குடி வர்றது அவதான். நான் நேத்தே காலி பண்ணிட்டேன்."

"உங்களுக்குச் சொந்தமாம்மா?"

"பேர்கூடத் தெரியாது," என்று புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார் அந்த அம்மாள். "ஆனா, சாவி தொலைஞ்சது எனக்குத் தெரியும்னு கடவுளுக்குத் தெரியுமே!"