பாஸ்வேர்டு கேட்ட விதம்

"மாமி, தப்பா எடுத்துக்காதீங்கோ. போன்ல டேட்டா தீர்ந்துபோச்சு. உங்காத்து வைஃபை பாஸ்வேர்டு கிடைக்குமா?"

கூடத்திலிருந்து விருந்தாளி கேட்டதும் கமலவல்லி விடுவிடுவென்று அடுக்களைக்குள் வந்தாள். கணவர் ஸௌரிராஜன் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டேளா? திருப்பதியில குடியிருந்தாலே ஆத்தைச் சத்திரமாக்கிடறா. காலங்கார்த்தால 'சேலத்துலேர்ந்து வரோம்'னு ஆம்படையாளோட வந்து நின்னான். குளிச்சான், ரெண்டு தரம் காபி குடிச்சான். இப்ப வைஃபை. அடுத்தது சேவைக்கு டிக்கெட் கேப்பான், பாருங்கோ!"

"மெதுவாப் பேசேன்."

"எதுக்கு? எல்லாம் உங்க மனுஷாதானே!"

ஸௌரிராஜன் கத்தியைக் கீழே வைத்தார். "என் மனுஷாளா? சேலம்னதும் உன் சித்தப்பா பிள்ளைன்னு நெனச்சேன்!"

"சித்தப்பாவுக்கு ரெண்டும் பொண்ணாச்சே!"

கமலவல்லி கூடத்துக்குப் போய்ப் பாஸ்வேர்டைச் சொன்னாள். அடுத்த நொடி அவன் போனில் மெசேஜ்களாக வந்து விழுந்தன. படித்தவன் பதறி எழுந்தான்.

"மாமி, மன்னிக்கணும். நாங்க தங்கறதுக்குப் புக் பண்ணின ஹோம்ஸ்டே அடுத்த தெருவாம். ஆட்டோக்காரர் இங்க இறக்கிவிட்டுட்டார். ஓனர் காத்துண்டிருக்காராம்."

பெட்டியோடு அவர்கள் வாசல் தாண்டியதும் கமலவல்லி கணவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அப்பவே தோணியிருக்கணும். போன தடவை உங்க மருமான் என் போனைப் பிடுங்கின்னா பாஸ்வேர்டை எடுத்துண்டான்? நம்ம சொந்தக்காரா என்னிக்கு இவ்வளவு மரியாதையாக் கேட்டிருக்கா!"