நாலும் எழுபதும்

“வைஃபை எத்தனை ரூமுக்குப் போகும்னு நான் கேக்கல தம்பி. இதை மாட்டினா மணி அடிக்குமா? அதைச் சொல்லுங்க.”

லூட்கே அம்மாள் பையிலிருந்து பச்சை டெலிபோனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எண்ணைச் சுழற்றும் பழைய கருவி. ஜெர்மனியின் கஸ்ஸல் நகரத்து எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சனிக்கிழமைக் கூட்டம்.

“மியூசியத்துல கேட்டு வாங்கிப்பாங்க மேடம்,” என்றான் விற்பனையாளன் டோர்பென்.

“அங்கே யாரும் போன் பண்ண மாட்டாங்களே. வியாழக்கிழமை பழைய லைனை நிறுத்திட்டாங்க. இனிமே பேச்சும் இன்டர்நெட் வழியாத்தான் வருமாம்.”

டோர்பென் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். “இது வெறும் ரவுட்டர். விலை கம்மி. ஆனா டெலிபோன் ஒயர்ல வர்ற டிஎஸ்எல் லைன்ல நேரா மாட்ட முடியாது, தனியா மோடம் வேணும். போன் மாட்ட இடமும் கிடையாது. இந்தப் பெரிசுல மோடம், ரவுட்டர், போன் சாக்கெட் எல்லாமே இருக்கு. ஒண்ணே ஒண்ணு, உங்க டயலைச் சுழற்றி யாரையும் கூப்பிட முடியாது. வர்ற காலுக்கு மணி அடிக்கும்.”

“அடிச்சாப் போதும்.”

“மொபைல் இல்லையா?”

“இருக்கு. அந்த நம்பர் அவருக்குத் தெரியாது.”

“நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடலாமே?”

“அவர் நம்பர் எங்கிட்ட இல்ல. பதினோரு வருஷமாக் கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவரே கூப்பிடுவார். நாளைக்கு லைன் செத்துக் கிடந்தா, நானும் செத்துட்டேன்னு நினைச்சுப்பார். அப்புறம் கூப்பிடவே மாட்டார்.”

டோர்பென் குரலைத் தாழ்த்தினான். “மகன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா மேடம்?”

“பெரிய பெட்டியே குடுங்க தம்பி.”

அவன் படிவத்தை எடுத்தான். “பழைய நம்பரோட கடைசி ரெண்டு எண்?”

“நாலும் எழுபதும்.”

எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள். “ஏழு முதல்ல, நாலு அப்புறம். சரிதான். நம்ம ஜெர்மன் பாஷையில எண்ணைத் தலைகீழாச் சொல்லித் தொலைக்கிறோம். வெளிநாட்டுக்காரங்க காதுல விழுந்தபடி எழுதிடறாங்க.”

ஞாயிறு காலையில் பெட்டியில் இரண்டு விளக்குகள் எரிந்தன. போன் விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குமேல் அதுவும் நிலைத்தது. ஆப்பிள் கேக்கை வெட்டிவைத்துவிட்டு டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

நாலு மணி. சத்தமில்லை. நாலு ஒன்று. எழுந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். நாலு மூன்று.

மணி அடித்தது. வீடே அதிர்ந்தது. ரிசீவரை எடுத்தாள்.

“ஹலோ,” என்றது ஹங்கேரிக்காரர் ஒருவரின் கனத்த குரல். “டாக்டர் ஹார்ட்விக்கோட பல் ஆஸ்பத்திரிங்களா?”

அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது.

“ராங் நம்பருங்க பாலிண்ட். அவங்களுது ஏழும் நாற்பதும். நாலு முதல்ல வரணும், நீங்க ஏழு எண்ணை முன்னாடி போட்டுட்டீங்க.”

“பதினோரு வருஷமா திருந்தவே மாட்டேங்கறேன் பாருங்க,” என்று அவரும் சிரித்தார். “சரி, இந்த வாரம் என்ன கேக்?”